நீலப் புத்தகத்துடன் ஏழு வருடங்கள்

கனடாவில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்ட தன் மகன் தன்னைப் பார்க்க இந்தியா வரையாவது வரலாமா, அதற்கு அகதிகளுக்குக் கடவுச்சீட்டுக்குப் பதிலாக அங்கே கொடுக்கும் நீலப் பயணப் புத்தகத்தை நம்பலாமா என்று எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் சென்ற வாரம் கேட்டார். படலையில் நின்றபடி நான் சொன்ன பதில் போதாது என்று பட்டதால் இதை எழுதுகிறேன். என் தம்பி 2018 இல் அந்தப் புத்தகத்தை முதன்முதலாக எடுத்தான். இதுவரை இரண்டு தடவை தமிழ்நாட்டுக்கு வந்து போயிருக்கிறான். இரண்டு தடவையும் கிளிநொச்சியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

புத்தகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சொந்த நாட்டின் கடவுச்சீட்டைக் கையில் எடுக்க முடியாதவனுக்குத் தஞ்சம் கொடுத்த நாடு பயண ஆவணம் வழங்க வேண்டும் என்று 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் 28 ஆம் உறுப்புரையில் சொல்கிறது. அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அம்மா தன் மகனைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார். விண்ணப்பத்தில் தம்பியைக் குறைந்தது இரண்டு வருடமாவது அறிந்த ஒருவர் உறுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இதைத் தொலைபேசியில் கேட்டதும் அம்மா முதலில் விசாரித்தது, "ஆர் பிணை நிக்கிறது? அந்தாளுக்கு ஒரு கரைச்சலும் வராதோ?" என்பதைத்தான். வன்னியை விட்டு வெளியே போக விடுதலைப் புலிகள் இயக்கத்திடம் பாஸ் எடுத்த காலத்தில், போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவர் பட்ட பயத்தை அவர் மறக்கவில்லை. அங்கே கையெழுத்துப் போடுபவர் ஆளடையாளத்தை மட்டுமே உறுதிசெய்கிறார், வேறொன்றுக்கும் பொறுப்பில்லை என்று விளக்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

இந்திய விசாவில் இழுபறி உண்டு. அம்மாவும் நானும் இலங்கைக் கடவுச்சீட்டில் இணையவழியாகச் சில நாட்களில் விசா எடுத்தோம். பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி இல்லை. தம்பி தாள்களோடு நேரில் அலைந்து ஏழு வாரம் காத்திருந்தான். திரும்பும்போது விமான நிறுவனமொன்றின் கவுண்டரில் இருந்த பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இது கடவுச்சீட்டு இல்லையே என்று எடுத்துக்கொண்டு உள்ளே போய், முக்கால் மணி நேரம் கழித்தே வெளியே வந்தார். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை.

நான் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றுதான்: அந்தப் புத்தகம் இலங்கைக்குச் செல்லுபடியாகாது. 2018 இல் அம்மாவை இரவு முழுவதும் வேனில் வைத்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய்த் திருச்சிக்கு ஏற்றியபோது இது அவ்வளவாக உறைக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியதும், அடுத்த வருடம் நாங்கள் அதில் போனோம். விசிறி சுழலும் சின்ன விமானம். அம்மா ஒரு தேவாரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. டொரொன்டோவிலிருந்து பாதி உலகத்தைக் கடந்து வந்தவனுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு மணிச் சொச்சம்தான். திரும்பும் நாளில், டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் சென்னை விமான நிலைய வாசலிலேயே பிரிந்தோம். அம்மாவின் டிக்கெட்டை அவன் வாங்கி, யாழ்ப்பாணம் என்று அச்சடித்திருந்த வரியில் பெருவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தாளை நாலாக மடித்து அம்மாவின் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடினான்.

விதியின் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. திரும்பினால் ஆபத்து என்று சொல்லித் தஞ்சம் கேட்டவர் அதே நாட்டுக்கு விடுமுறைக்குப் போய்வந்தால், உண்மையாகவே உயிருக்குப் பயந்து வருபவரின் சொல்லும் மதிப்பிழக்கும். கனடாவில் 2012 டிசம்பருக்குப் பிறகு இது இன்னும் கடுமையாகிவிட்டது; இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து ஊருக்கு வந்துபோகும் ஒருவர் அகதி நிலையோடு நிரந்தர வதிவிடத்தையும் சேர்த்தே இழக்க நேரலாம். ஆகவே அக்கா, "ஒருக்கா வந்திட்டுப் போனா ஆருக்குத் தெரியப்போகுது" என்று சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். நியாயம் விளங்குகிறது; ஆனால் ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சோறு போட இன்னொரு நாட்டில் லொட்ஜ் அறை எடுக்க வேண்டியிருப்பதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

நம்பலாமா என்று கேட்டால், நம்பலாம். இரண்டு தடவையும் அது எங்களைக் கைவிடவில்லை. நல்லதா என்று கேட்டால், இன்றைய மனநிலையில் இல்லை என்றே சொல்வேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்தொரு வயது, அந்தச் சின்ன விமானத்தின் படியில் ஏற முழங்கால் இடங்கொடுக்காது. அவரால் போக முடியாவிட்டால் தம்பியின் புத்தகத்தால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை. குடியுரிமை கிடைத்துக் கனேடியக் கடவுச்சீட்டு எடுத்தால் அவன் நேராக வீட்டு முற்றத்துக்கே வரலாம்; அதற்கான மொழித் தகுதிக்கு இப்போதுதான் இரவு வகுப்புக்குப் போகிறான், பிந்திவிட்டான்.

அக்கா, உங்களுக்கு இன்னும் நடை தளரவில்லை. மகனை இந்த மாதமே புத்தகத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், குடியுரிமைக்குத் தகுதி வரும் நாளையும் இப்போதே எண்ணி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கடவுச்சீட்டுக்கு வவுனியா அலுவலகத்துக்குப் போகும் நாளைச் சொன்னால் நானும் கூட வருகிறேன்.