6 ஆண்டுகள், 23 குழந்தைக் குவில்ட்டுகள்: துவைத்துத் துவைத்துத் தெரிந்துகொண்டவை

தைத்துக் கொடுத்த குவில்ட் பழுதுபார்க்கத் திரும்பி வரும்போது எனக்கு வருத்தத்தைவிட ஆவலே அதிகம். எந்த இடம் விட்டிருக்கிறது, ஏன் விட்டது என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகுதான் ஊசியை எடுப்பேன். கடந்த 6 ஆண்டுகளில் குழந்தைகளுக்கென்று 23 குவில்ட்டுகள் தைத்திருக்கிறேன். முதலாவது என் மகளுக்கு. மற்றவை உறவிலும் நட்பிலும் பிறந்த குழந்தைகளுக்கு, அந்தந்த வீட்டார் விரும்பிய நிறத்தில், விரும்பிய உருவத்தில். அவற்றில் 9 ஏதோ ஒரு குறையோடு என் மேசைக்குத் திரும்பின. இந்தக் கலையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை எல்லாம் அந்த ஒன்பதிடம் கற்றவை.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு: துண்டுகளை இணைத்துத் தைத்த மேல்துணி, நடுவில் தட்டையான பஞ்சடுக்கு, அடியில் பின்துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் அவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. குழந்தைக்கு 36 அங்குல அகலம், 45 அங்குல நீளம் போதும். 5 அங்குலச் சதுரங்களாக 80 துண்டுகள் வெட்டி, வரிசைக்கு 8 வீதம் 10 வரிசை தைத்தால் இந்த அளவு சரியாக வந்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் பக்கத்துக்குக் கால் அங்குலம் தையலுக்குள் போய், 4½ அங்குலம் வெளியே தெரியும்.

அந்தக் கால் அங்குலத்தில்தான் என் முதல் ஓராண்டு கழிந்தது. தையல் ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே போனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வரிசையில் 7 இணைப்புகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கத் துணியும் குறைகிறது. கணக்குப் போட்டால் வரிசை 2 சென்டிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் மூலைகள் ஒன்றோடொன்று சேரவே சேராது. இப்போது புதிய துணி எடுத்தால் முதலில் மூன்று துண்டுகளை இணைத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடுகிறேன். இணைப்புகளின் மடிப்பை ஒரு வரிசையில் இடப்பக்கமும் அடுத்த வரிசையில் வலப்பக்கமும் சாய்த்து இஸ்திரி போட்டால், மூலைகள் தாமாகவே ஒன்றில் ஒன்று பொருந்திக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் வைத்து எடுக்க வேண்டும்; இழுத்தால் சதுரம் கோணிவிடும்.

பஞ்சடுக்கில் நான் செய்த தவறு மேலே தெரியாத தவறு. நான்காவது குவில்ட்டில் பாலியெஸ்டர் பஞ்சை வைத்து, 8 அங்குலத்துக்கு ஒரு கோடு மட்டும் ஓட்டினேன். பார்க்கப் பஞ்சணை போல உப்பி, அழகாக இருந்தது. ஓராண்டுக்குப் பிறகு திரும்பி வந்தபோது பஞ்சு ஓரங்களில் கட்டி கட்டியாகத் திரண்டு, நடுவில் வெறும் துணிதான் கையில் பட்டது. தையலுக்கும் தையலுக்கும் இடையே அதிகபட்சம் எவ்வளவு விடலாம் என்பது பஞ்சின் உறையிலேயே அச்சிட்டிருக்கும். அந்தப் பஞ்சுக்கு 4 அங்குலம்தான். நான் படிக்கவில்லை. அதன் பிறகு பருத்திப் பஞ்சடுக்குக்கு மாறினேன். உறையில் 8 அங்குலம் என்று போட்டிருந்தாலும் 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடுவதில்லை. பருத்திப் பஞ்சு முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 45 அங்குல நீளத்தில் அது ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டேகால் அங்குலம். அந்தச் சுருக்கம் தையல் கோடுகளை ஒட்டி மெல்லிய அலைகளாக விழுந்து, பழகிய போர்வை போன்ற தோற்றத்தைக் கொடுக்கும். எனக்கு அது பிடித்தமானது. ஆனால் வழவழப்பான, தட்டையான பரப்பை எதிர்பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டும்போது சாதாரண இயந்திரப் பாதம் போதாது. கீழே உள்ள பற்கள் அடித்துணியை மட்டும் நகர்த்துவதால் மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். வாக்கிங் ஃபுட் எனப்படும் பாதம் மேலிருந்தும் சேர்த்து நகர்த்துகிறது. எனக்கு இந்த 6 ஆண்டுகளில் வாங்கியவற்றில் முழுப் பயன் தந்த பொருள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். 50 எண் பருத்தி நூல், 80 எண் ஊசி, 3 மில்லிமீட்டர் நீளத் தையல் என்ற கூட்டணியில் இதுவரை ஓட்டுத்தையல் அறுந்து எதுவும் திரும்பி வரவில்லை.

அதிகமாகத் தேய்வது ஓரப்பட்டி. திரும்பி வந்த ஒன்பதில் ஐந்தில் பழுது அங்கேதான். குழந்தை மூலையைத்தான் வாயில் வைக்கிறது. நடக்கத் தொடங்கிய பிறகு ஓரத்தைப் பிடித்துத்தான் வீடெல்லாம் இழுக்கிறது. ஆரம்பத்தில் ஓரப்பட்டியை முன்பக்கம் இயந்திரத்தில் தைத்து, பின்பக்கம் மடித்துக் கையால் மறைதையல் போடுவேன். கைத்தையலின் அழகு வேறுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாரம் இரண்டு முறை துவைக்கப்படும் துணியில் அது நிற்கவில்லை. ஒரு தையல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் இளகி, சின்ன விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்துவிடுகிறது. இப்போது இரு பக்கமும் இயந்திரத் தையல்தான்.

பட்டியை வெட்டும் திசையும் முக்கியம். 2½ அங்குலப் பட்டியை நேர்வாட்டில் வெட்டி இரண்டாக மடித்தால், மடிப்பு விளிம்பில் ஒரே இழை நீளமாக ஓடும். அது தேய்ந்து அறுந்தால் விளிம்பு முழுவதும் கத்தி போட்டது போலப் பிளக்கும். 45 பாகைக் குறுக்குவாட்டில் வெட்டினால் விளிம்பில் பல இழைகள் குறுக்கே கடந்து போவதால் தேய்மானம் பங்கிடப்படுகிறது. துணி கூடுதலாகச் செலவாகும், வெட்டுவதும் சிரமம். இருந்தும் கடைசி 11 குவில்ட்டுகளில் குறுக்குவாட்டுப் பட்டி தவிர வேறு எதுவும் நான் போடவில்லை. வளைவுக்கு வளைந்து கொடுக்கும் என்பதால் மூலைகளையும் ஒரு தட்டை வைத்து வட்டமாக வெட்டிவிடுகிறேன். கூர்மூலையில் மடிப்புகள் சேர்ந்து தடித்து நிற்கும் இடம்தான் முன்பு முதலில் தேய்ந்தது.

சாயம் பற்றி ஓர் அனுபவம். அடர் சிவப்பும் வெள்ளையும் கலந்த ஒன்றைத் தங்கையின் குழந்தைக்குத் தைத்தேன். முதல் துவைப்பு முடிந்ததும் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, வெள்ளையெல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டது" என்றாள். காயவிடாதே, அப்படியே கொண்டு வா என்றேன். நிறையச் சுடுநீரில் சோப்புக் கரைசல் சேர்த்து, நீரில் நிறம் இறங்குவது நிற்கும் வரை நான்கு முறை மாற்றி மாற்றி ஊறவைத்தேன். பெரும்பகுதி போய்விட்டது. காய்ந்திருந்தால் இவ்வளவு எளிதில் போயிருக்காது. இப்போது சிவப்பு, கருநீலம், கறுப்பு எதுவானாலும் ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் கத்தரி வைப்பதில்லை.

வடிவமைப்பில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் பெயரும் விலங்கு உருவமும். உருவத்தை வெட்டி ஒட்டி, விளிம்பை மடிக்காமல் தைத்த யானையும் முயலும் இருபது துவைப்புக்குள் நார் நாராகப் பிரிந்தன. விளிம்பை உள்மடித்தோ நெருக்கமான குறுக்குத் தையலால் மூடியோ தைத்தவை இன்றும் அப்படியே இருக்கின்றன. பெயரைப் பூத்தையலில் போடுவதானால் அடுக்குகளைச் சேர்ப்பதற்கு முன்பே மேல்துணியில் போட்டுவிட வேண்டும்; அப்போதுதான் சொரசொரப்பான பின்பக்கம் உள்ளே மறையும். வெளிர் நிறங்களே வேண்டும் என்பவர்களிடமும் நான்கைந்து கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்கு அனுமதி கேட்பேன். பிறந்த சிசுவின் பார்வை 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில்தான் ஓரளவு நிலைக்கிறது. அழுத்தமான நிற வேறுபாடுதான் அதற்குப் பிடிபடுகிறது. குப்புறப் படுத்துத் தலைதூக்கும் குழந்தை அந்தக் கட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த படம் ஒன்று எனக்கு வந்தது. எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு ஈடு இல்லை.

ஒரு செய்தியை மட்டும் ஒவ்வொரு குவில்ட்டோடும் கையால் எழுதி வைக்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும் இடத்தில் இதைப் போர்த்தவோ விரிக்கவோ கூடாது. மென்மையான, தளர்வான படுக்கைப் பொருள்கள் மூச்சை அடைக்கக்கூடும் என்பதால் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2022இல் வெளியிட்ட பரிந்துரையும் அவற்றைத் தவிர்க்கவே சொல்கிறது. விழித்திருக்கும்போது, பெரியவர் கண்பார்வையில், தரையில் விரித்து விளையாடத்தான் இது. 20 மணி நேரம் உழைத்துத் தைத்ததைப் போர்த்தாதே என்று சொல்ல முதலில் மனம் தயங்கியது. இப்போது தயக்கம் இல்லை. தரைவிரிப்பு என்று மனதில் கொண்டே வடிவமைக்கிறேன். பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் கிடையாது. தொங்கும் நூல் விரலில் சுற்றி இறுக்கிவிடும் என்பதால் பின்துணி முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து நறுக்குவேன். அடுக்குகளைப் பிடித்து வைக்கக் குத்தும் ஊக்குகளை எண்ணியே குத்துவேன், எண்ணியே எடுப்பேன். ஒருமுறை 64 குத்தி 63தான் கையில் கிடைத்தது. நள்ளிரவில் விளக்கைப் போட்டுத் தேடி, ஓரப்பட்டியின் மடிப்புக்குள் அதைக் கண்டெடுத்த பிறகுதான் தூங்கினேன்.

துவைப்பதற்கு நான் சொல்வது தண்ணீர், மென்மையான சோப்பு, நிழல். ஈரக் குவில்ட் கனமானது. கொடியில் ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டால் தையல்கள் இழுபடும். தட்டையாக விரித்து உலர்த்துவது நல்லது.

என் மகளுடைய முதல் குவில்ட் இப்போதும் அவள் கட்டிலில் இருக்கிறது. ஓரப்பட்டியை இரண்டு முறை மாற்றிவிட்டேன். மஞ்சள் சதுரங்கள் வெளுத்துவிட்டன, நடுவில் இரண்டு கட்டங்கள் இழை தெரியத் தேய்ந்துவிட்டன. அவற்றின் மேல் புதுத்துணி வைத்துத் தைக்கலாமா என்று போன வாரம் கேட்டேன். ஒன்றுக்கு மட்டும் சம்மதித்தாள். மற்றொன்று வலப்பக்கக் கீழ்மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, தூங்கும்போது விரல் வைக்கும் இடமாம். அதை வெளியே தெரியாதபடி உள்ளிருந்து மெல்லிய துணி கொடுத்துத் தாங்குவதற்காகப் பின்தையலை இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறேன்.