வயலும் காடும் ஒரே வெளிச்சத்தில்: ஷைன் கருவித்தொகுப்பு, நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

செங்கோட்டைப் பக்கம் எடுத்த வயல் படத்தில் பாதி வானம். மலையைத் தாண்டி ஆரியங்காவுக் காட்டில் எடுத்தால் இலையும் நிழலும்தான். ஆய்வில் பங்கேற்பவர்களுக்கு இவற்றை மாற்றி மாற்றித் திரையில் காட்டி ‘வயலா, காடா?’ என்று கேட்டால், காட்சியைக் கவனிக்காமல் வெளிச்சத்தை வைத்தே சரியாகச் சொல்லிவிடுவார்கள். கண்பாவை அளக்கும் ஆய்வென்றால் சிக்கல் இன்னும் பெரிது. வெளிச்சம் கூடினாலே பாவை சுருங்கும்.

இதைச் சரிசெய்ய நாங்கள் பயன்படுத்தி வருவது 2010-இல் வெளிவந்த ஷைன் (SHINE) கருவித்தொகுப்பு. கருவி இலவசம், அது ஓடும் மேட்லாப் என்ற கணிப்பு மென்பொருளுக்குத்தான் பணம். கறுப்பு வெள்ளைப் படங்களின் சராசரி வெளிச்சம், திட்ட விலக்கம் (அதாவது கான்ட்ராஸ்ட்), ஹிஸ்டோகிராம் (எந்தச் சாம்பல் நிலையில் எத்தனை பிக்சல் என்ற பரவல்) ஆகியவற்றை ஒன்றாக்கித் தரும். கணக்கில் குறை கண்டதில்லை. ஆனால் பிக்சல் எண்ணையே அது ஒளிர்வாக எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான பிழைகள் தொடங்குவது இங்கேதான்.

ஒரு படம் முழுக்க 128 சாம்பல். இன்னொன்று பாதி கறுப்பு, பாதி வெள்ளை. பிக்சல் சராசரி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் காமா (பிக்சல் எண்ணைத் திரை ஒளியாக மாற்றும் வளைவின் அடுக்கு) 2.2 உள்ள சாதாரண மானிட்டரில் முதல் படம் தருவது உச்ச ஒளியில் சுமார் 22 சதவீதம், இரண்டாவது 50 சதவீதம். ‘சமன்’ ஆன படங்களுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

ஆகவே முதலில் மானிட்டரை அளக்க வேண்டும். அரை மணி நேரம் எரியவிட்டு, தானியங்கி வெளிச்சம், இரவு வண்ணம், டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணைத்து, இருட்டறையில் 0, 17, 34 என்று 255 வரை 16 சாம்பல் நிலைகளை ஒளிர்வுமானியால் அளந்து காமா வளைவைப் பொருத்துங்கள். பிறகு படத்தை அந்த வளைவுப்படி ஒளி அளவாக மாற்றி, தசம எண்களிலேயே சமன்படுத்தி, கடைசியில் வளைவைத் திருப்பிப் போட்டு பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். இந்த வழியில் போனால் மானிட்டரின் லுக்அப் டேபிளை (பிக்சல் எண்ணைத் திரைக்கு அனுப்பும் முன் மாற்றும் அட்டவணையை) தொடக்கூடாது. இரண்டு இடத்திலும் திருத்தினால் படம் வெளிறிப்போகும்.

சமன்படுத்தும் கணக்கு எளியது: பிக்சலிலிருந்து படத்தின் சராசரியைக் கழித்து, அதன் திட்ட விலக்கத்தால் வகுத்து, இலக்குத் திட்ட விலக்கத்தால் பெருக்கி, இலக்குச் சராசரியைக் கூட்ட வேண்டும். இலக்குத் திட்ட விலக்கத்தைப் பேராசையோடு வைத்தால் காட்டில் இலையிடுக்கில் தெரியும் வானம் 255-இல் முட்டி வெட்டுப்படும். சராசரி மீண்டும் நகரும். வெட்டுப்பட்ட பிக்சல் 1 சதவீதத்தைத் தாண்டினால் கான்ட்ராஸ்டைக் குறைப்பது எங்கள் வழக்கம். ஓரம் வெட்டுவது, அளவு மாற்றுவது எல்லாம் சமன்படுத்தலுக்கு முன்பே முடிய வேண்டும். பின்னால் சுருக்கினால் நுண்விவரம் கரைந்து கான்ட்ராஸ்ட் குறையும்.

ஹிஸ்டோகிராமைப் பொருத்துவது எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வழுவழுப்பான வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. சராசரியும் திட்ட விலக்கமும் பெரும்பாலான ஆய்வுகளுக்குப் போதும். பொருளை மட்டும் வெட்டியெடுத்த படமென்றால் பின்னணியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஷைனில் அதற்கு வசதி உண்டு.

வண்ணப் படங்களில் எச்எஸ்வி (நிறம், செறிவு, மதிப்பு என்று நிறத்தைப் பிரிக்கும்) முறையின் வி-யை, அதாவது மதிப்பை, சமன்படுத்துபவர்கள் பலர். தவறு. முழு நீலத்துக்கும் முழுப் பச்சைக்கும் வி ஒன்றுதான். எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான வண்ணத் தரம்) கணக்கில் ஒளிர்வோ 7 சதவீதம், 72 சதவீதம். காட்டுப் பச்சை நிறைந்த தொகுப்பில் இது பெரிய கோளாறு. ஒளி அளவாக மாற்றிய சிவப்பை 0.2126, பச்சையை 0.7152, நீலத்தை 0.0722 ஆல் பெருக்கிக் கூட்டிய ஒளிர்வையே எடுங்கள்.

கடைசிச் சோதனைக்குச் சாதாரண லக்ஸ் மீட்டர் போதும். இருட்டறையில், பங்கேற்பவர் முகம் இருக்கும் இடத்தில் திரையை நோக்கி வைத்து, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். வயலுக்கும் காட்டுக்கும் அளவு தெளிவாக வேறுபட்டால், முதலில் காமாவைச் சந்தேகப்படுங்கள்.