எஸ்இஓ டூலுக்கு ஆண்டுச் சந்தா கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சொந்தமாக வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கும், அடுத்தவர் சைட்டுகளை ஃப்ரீலான்ஸாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இந்தப் பதிவு. எஸ்இஓ டூல், அதாவது கூகுள் தேடலில் சைட்டை மேலே கொண்டுவரும் வேலைக்கான மென்பொருள், விற்கும் ஒரு நிறுவனம் என்னிடம் ஒரு வருடச் சந்தாவை மொத்தமாக வாங்கிக்கொண்டு, சொன்னதில் பாதியைக்கூடத் தரவில்லை. போதாததற்கு என் கிளையன்டுக்கே நேராக மெயில் அனுப்பிப் பயமுறுத்தியது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்கள் இன்னும் மோசம். பெயரைப் போடவில்லை. அவர்கள் எப்படி விற்றார்கள், எந்த எண்களைக் காட்டினார்கள், கேட்டபோது எப்படி மழுப்பினார்கள் என்பது தெரிந்தால் வேறு பெயரில் வந்தாலும் உங்களால் கண்டுபிடித்துவிட முடியும்.

எனக்குத் தேவைப்பட்டது அதிகமில்லை. கீவேர்டுகளுக்கு, அதாவது ஆட்கள் தேடும் சொற்களுக்கு, சைட் கூகுளில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க ஒரு ரேங்க் டிராக்கர், சைட்டில் உள்ள கோளாறுகளைப் பிடிக்க ஓர் ஆடிட், பேக்லிங்க் (மற்ற சைட்டுகளிலிருந்து நம் சைட்டுக்கு வரும் லிங்க்) விவரம், மாதம் ஒருமுறை கிளையன்டுக்கு அனுப்ப ஒரு ரிப்போர்ட். ஏஹெச்ரெஃப்ஸ், செம்ரஷ் மாதிரி பெரிய டூல்களின் சந்தா தனி ஆளாக வேலை செய்கிறவருக்குக் கனம்தான். அதனால் அவற்றுக்கு மாற்று என்று பேசப்படும் நடுத்தர டூல்களை ஒப்பிட ஆரம்பித்தேன்.

‘சிறந்த எஸ்இஓ டூல்கள்’ என்று தேடினால் வரும் கட்டுரைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை போலவே இருக்கும். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை இந்த டூலை முதல் மூன்று இடங்களுக்குள் வைத்திருந்தன. அந்தப் பட்டியல்களில் உள்ள ‘இலவசமாக முயலுங்கள்’ பொத்தானின் லிங்க்கைக் காப்பி செய்து பாருங்கள். கடைசியில் ஓர் அடையாள எண் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வழியாக நாம் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். கமிஷன் வாங்குவதே குற்றம் என்று சொல்லவில்லை, நல்ல டூல்களும் தருகின்றன. ஆனால் அதை வாங்குகிறவர் டூலை ஒரு சைட்டிலாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் படித்த கட்டுரைகளில் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் நிறுவனத்தின் விளம்பரப் பக்கத்தில் இருந்தவை. தலைப்பில் ஆண்டு மட்டும் புதிது, உள்ளே இருந்த விவரங்கள் பழையவை.

அந்தப் பழைய விவரங்களில் ஒன்றுதான் எனக்குப் பெரிய அடியாக விழுந்தது. ‘முதல் 100 முடிவுகள் வரை தினமும் ரேங்க் பார்க்கப்படும்’ என்று கட்டுரைகளிலும் இருந்தது, நிறுவனத்தின் விற்பனைப் பக்கத்திலும் இருந்தது. முன்பெல்லாம் கூகுள் தேடல் முகவரியோடு ஒரு சிறு அளவுருவைச் சேர்த்தால் ஒரே பக்கத்தில் 100 முடிவுகள் வந்துவிடும். ரேங்க் டிராக்கர்கள் பல அதை நம்பித்தான் ஓடின. 2025 செப்டம்பரில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. இப்போது அதே 100 முடிவுகள் வேண்டுமென்றால் பத்துப் பத்தாகப் பல பக்கங்களை எடுக்க வேண்டும், டூல் நிறுவனத்துக்குச் செலவு பல மடங்கு. இதை வெளிப்படையாகச் சொல்லி, ‘இனி இத்தனை இடங்கள் வரைதான் பார்ப்போம்’ என்று மாற்றி அறிவித்திருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நான் பணம் கட்டிய நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. முதல் இரண்டு பக்கங்களுக்குள் வரும் கீவேர்டுகளை மட்டும் புதுப்பித்தது. அதற்குக் கீழே இருந்தவற்றுக்குப் பழைய எண்ணையே எடுத்து, அன்றன்றைய தேதியைப் போட்டுக் காட்டியது. இது எப்படித் தெரிந்தது என்றால், ஒரு கிளையன்ட் சைட்டில் பழைய பக்கம் ஒன்றை நீக்கிவிட்டு அந்த முகவரிக்கு வருகிறவர்கள் தானாக வேறு பக்கத்துக்குப் போகும்படி ரீடைரக்ட் கொடுத்திருந்தோம். கூகுள் அந்தப் பழைய முகவரியைத் தன் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. சைட் உரிமையாளருக்குக் கூகுளே தரும் சர்ச் கன்சோலில் பார்த்தால் புதுப் பக்கத்துக்குத்தான் கிளிக் வருகிறது. டூலோ, இல்லாத அந்தப் பக்கம் 34-ஆம் இடத்தில் அசையாமல் நிற்பதாக வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ‘இன்று புதுப்பிக்கப்பட்டது’ என்ற வரி வேறு.

சர்ச் கன்சோல் காட்டும் இடமும் ரேங்க் டிராக்கர் காட்டும் இடமும் எப்போதும் அப்படியே பொருந்தாது, அது தெரிந்ததுதான். சர்ச் கன்சோல் தருவது சராசரி: பல ஊர்களிலிருந்து, பல கருவிகளிலிருந்து தேடியவர்களுக்கு உங்கள் சைட் எந்தெந்த இடத்தில் தெரிந்ததோ அவற்றின் சராசரி. டிராக்கர் ஓர் இடத்திலிருந்து, ஒரு நேரத்தில் தேடிப் பார்த்துச் சொல்கிறது. நாலைந்து இடம் முன்னே பின்னே இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆனால் செத்துப்போன பக்கத்துக்கு ரேங்க் காட்டுவது வித்தியாசக் கணக்கில் வராது. தேடாமலே தேடியதாகச் சொல்வது அது.

டிராஃபிக் மதிப்பீடும் அதே லட்சணம். இந்த டூல்கள் எதற்கும் உங்கள் சைட்டின் உண்மையான வருகை தெரியாது. தங்கள் தரவுத்தளத்தில் இருக்கும் கீவேர்டுகளில் நீங்கள் எந்த இடத்தில் வருகிறீர்கள், அந்த இடத்துக்கு எத்தனை சதவீதம் பேர் கிளிக் செய்வார்கள், மாதம் எத்தனை பேர் அதைத் தேடுவார்கள் என்று பெருக்கி ஒரு கணக்குப் போடுகின்றன. பெரிய டூல்களும் இப்படித்தான் செய்கின்றன. அவை அதை மதிப்பீடு என்று சொல்லிவிடுகின்றன. கீவேர்டு தரவுத்தளம் சிறியதாக இருந்தால், நீளமான கேள்விகளைத் தேடி வருகிற கூட்டம் முழுவதும் கணக்கில் விடுபட்டுப்போகும். தமிழ்ச் சொற்களில் எழுதும் சைட்டுகளுக்கு இந்த டூல் பெரும்பாலும் சுழியத்தையே காட்டியது. அந்தச் சைட்டுகளுக்கு நிஜத்தில் தினமும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இதுவரை சொன்னதைக்கூட மட்டமான சரக்கு என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரிப்போர்ட்டைத் தானாக அனுப்பும் வசதிக்காகக் கிளையன்டுகளின் மின்னஞ்சல் முகவரிகளை டூலில் கொடுத்திருந்தேன். எந்த ஃப்ரீலான்ஸரும் செய்வதுதான், அந்த வசதியே அதற்குத்தான் இருக்கிறது. சில வாரங்கள் கழித்து ஒரு கிளையன்ட் பதற்றத்தோடு அழைத்தார். “என்னங்க, நம்ம சைட் ஆபத்துல இருக்குன்னு மெயில் வந்திருக்கு, நீங்க ஒண்ணுமே சொல்லலையே?” அவருக்கு வந்த மெயிலை வாங்கிப் பார்த்தேன். டூல் நிறுவனம் நேரடியாக அனுப்பியது. சிவப்பு வட்டத்துக்குள் ஒரு மதிப்பெண், ‘உங்கள் தளத்துக்கு அபாயகரமான பேக்லிங்க்குகள் வந்திருக்கின்றன, கூகுள் தண்டிக்கக்கூடும்’ என்று ஒரு வரி, அடியில் அவர்களுடைய ‘லிங்க் சுத்திகரிப்புச் சேவை’க்குத் தனிக் கட்டணத்தில் அழைப்பு.

நான் நம்பிக்கையோடு ஒப்படைத்த முகவரியை எடுத்து, என் கிளையன்டிடமே, என் வேலையில் குறை இருப்பதாகக் காட்டி, தங்கள் சேவையை விற்கப் பார்த்திருக்கிறார்கள். ஃப்ரீலான்ஸருக்குச் சொத்து என்று ஏதாவது இருந்தால் அது கிளையன்டின் நம்பிக்கைதான். அந்த ஒரு மெயிலுக்குப் பிறகு அவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது.

மெயிலில் இருந்த அந்தப் பயமும் பொய்ப் பயம். ‘டாக்சிக் லிங்க்’ மதிப்பெண் என்பது டூல்கள் தாமாக உருவாக்கிக்கொண்ட அளவுகோல், கூகுள் தருவதில்லை. எந்த சைட்டுக்கும் எங்கிருந்தெல்லாமோ குப்பை லிங்க்குகள் வரும். எதை நம்புவது, எதை விடுவது என்பதைப் பெரும்பாலான சமயம் தானே தீர்மானித்துக்கொள்வதாகவும், லிங்க்குகளை ஒதுக்கச் சொல்லும் டிஸ்அவௌ கருவி பெரும்பாலான சைட்டுகளுக்குத் தேவையே இல்லை என்றும் கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. தவறாகப் பயன்படுத்தினால் தேடலில் சைட்டுக்கே பாதிப்பு வரலாம் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. நிஜமாகவே கூகுள் ஊழியர் பார்த்து ஒரு சைட்டைத் தண்டித்திருந்தால் சர்ச் கன்சோலில் ‘மேனுவல் ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் அது தெரியும். அந்தக் கிளையன்டுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன், ‘எந்தப் பிரச்சினையும் இல்லை’ என்றே இருந்தது. அவர் பயந்துபோய் அந்தச் சேவையை வாங்கியிருந்தால், நல்ல லிங்க்குகளையும் சேர்த்து ஒதுக்கி, சைட்டை உண்மையிலேயே கெடுத்திருப்பார்கள்.

உடனே ரீஃபண்ட் கேட்டேன். ‘எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததன் பொருள், அடுத்த வருடம் பணம் எடுக்க மாட்டோம் என்பது மட்டும்தானாம். கட்டிய வருடத்துக்குத் திருப்பித் தர மாட்டார்கள். ரேங்க் பிரச்சினைக்கு, “கூகுள் மாற்றியதற்கு நாங்கள் பொறுப்பல்ல” என்றார்கள். கூகுள் மாற்றிய பிறகும் ஏன் 100 என்று விற்றீர்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. கிளையன்ட் மெயிலைப் பற்றிக் கேட்டபோது, விதிமுறைகளில் ‘பயனுள்ள தகவல்களை அனுப்பும் உரிமை’ என்று ஒரு வரி இருப்பதைக் காட்டினார்கள். விற்பனைப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், ரிப்போர்ட்டின் நகல், சர்ச் கன்சோலில் இருந்து இறக்கிய தரவு எல்லாவற்றையும் இணைத்துக் கார்டு தந்த வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது? எந்த டூலையும் உங்களுக்கு உண்மை தெரிந்த சைட்டில் ஓட்டிப் பாருங்கள். ட்ரையலில் அவர்கள் காட்டும் மாதிரிச் சைட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், போட்டியாளர் சைட்டில் சரிபார்க்க நம்மிடம் உண்மை இல்லை. சர்ச் கன்சோலில் உங்கள் சைட்டுக்கு 16 மாதத் தரவு இலவசமாக இருக்கிறது. முதல் பக்கத்தில் நிற்கும் சில கீவேர்டுகள், நாலாம் ஐந்தாம் பக்கத்தில் கிடக்கும் சில, சமீபத்தில் நீக்கிய ஒரு பக்கத்துக்கு உரியது ஒன்று என்று கலந்து டூலில் போடுங்கள். நீக்கிய பக்கம்தான் நல்ல சோதனை, அதில் யாராலும் பழைய எண்ணை ஒளித்துவைக்க முடியாது. பேக்லிங்க்குக்கும் இப்படியே: புதிதாக உங்களுக்கு லிங்க் கொடுத்த ஒரு சைட்டை நீங்களே அறிவீர்கள், டூல் அதை எப்போது கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள்.

ஒரு டூலின் மதிப்பெண்ணை இன்னொரு டூலின் மதிப்பெண்ணோடு வைத்து ஒப்பிட வேண்டாம். ஒரு சைட்டின் லிங்க் பலத்தைச் சொல்லும் எண்களில் டொமைன் அத்தாரிட்டி மோஸ் நிறுவனம் உருவாக்கியது, டொமைன் ரேட்டிங் ஏஹெச்ரெஃப்ஸுடையது, டிரஸ்ட் ஃப்ளோ மெஜஸ்டிக்குடையது. கணக்கிடும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. கூகுள் தன் தரவரிசைக்கு இவற்றில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த எண்ணை ஏற்றித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சர்ச் கன்சோலில் கிளிக் ஏறுமா? ஒரு சொல்லுக்கு முன்னுக்கு வருவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் கீவேர்டு டிஃபிகல்ட்டியும் அப்படித்தான். ஒரு டூலில் எளிது என்று வருவது இன்னொன்றில் கடினம் என்று வரும்.

ஒரே ஒரு சின்ன சைட் வைத்திருப்பவராக இருந்தால், கட்டண டூலே இப்போதைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சர்ச் கன்சோல், பிங் வெப்மாஸ்டர் டூல்ஸ், உங்கள் சொந்த சைட்டை மட்டும் சரிபார்க்க இலவசமாகக் கிடைக்கும் ஏஹெச்ரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸ், 500 முகவரிகள் வரை இலவசமாக அலசித் தரும் ஸ்க்ரீமிங் ஃப்ராக், இவை போதும். இவற்றில் வரும் விவரங்களையே முழுதாகப் பயன்படுத்த நாளாகும். ஃப்ரீலான்ஸர்களுக்குக் கதை வேறு, போட்டியாளர் ஆராய்ச்சி வேண்டும், ரிப்போர்ட் வேண்டும். ஆனால் மாதச் சந்தாவில் தொடங்குங்கள். எத்தனை ப்ராஜெக்ட், தினமுமா வாரம் ஒருமுறையா, எத்தனாவது இடம் வரை, தரவை வெளியே எடுக்க வரம்பு உண்டா என்று சப்போர்ட்டுக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சாட்டில் சொன்னது பிறகு கிடைக்காது.

கிளையன்டின் மின்னஞ்சலை எந்த டூலிலும் போடாதீர்கள். ரிப்போர்ட்டை உங்கள் முகவரிக்கு வரவழைத்து, படித்துப் பார்த்து, நீங்களே அனுப்புங்கள். சைட் உரிமையாளர்களுக்கும் ஒன்று: யாருக்காவது சர்ச் கன்சோல் அனுமதி தர வேண்டியிருந்தால் ‘ஓனர்’ உரிமை கொடுக்க வேண்டாம். பெரும்பாலான வேலைக்குக் கட்டுப்படுத்தப்பட்ட அனுமதியே போதும், வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். ஒரு டூலை நிறுத்தினால் சந்தாவை ரத்து செய்வதோடு விட்டுவிடாமல், கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய் அந்த டூலுக்குக் கொடுத்த இணைப்பையும் துண்டியுங்கள். நான் ரத்து செய்த பிறகும் அந்த இணைப்பு அப்படியேதான் இருந்தது.

வங்கிப் புகாருக்கு முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். இதே மாதிரி உங்கள் கிளையன்டுக்கும் நேராக மெயில் வந்திருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். வங்கியில் என் புகாரை எடுத்துக்கொண்டவர் மற்ற ஆவணங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் கேட்டது அந்த மெயிலைத்தான்.