மட்டக்களப்பு நகரில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம்: கிரெடிட் மாற்றத்தில் எங்கள் அனுபவம்

என் தங்கை ஒரு தனியார் நிறுவனத்தில் தகவல் தொழில்நுட்ப உயர் டிப்ளோமாவை முடித்ததும், மாமாவின் குடும்பம் வசிக்கும் அமெரிக்காவில் பட்டப்படிப்பைத் தொடரலாம் என்று வீட்டில் முடிவானது. அதற்காக மட்டக்களப்பு நகரில் இயங்கும் ஓர் ஆலோசனை நிலையத்தின் சேவையை ஏறத்தாழ எட்டு மாதங்கள் பெற்றோம். விண்ணப்பத்திலும் விசா ஆவணங்களிலும் அவர்களுடைய வேலை நன்றாகவே இருந்தது. ஆனால், ஏற்கெனவே படித்த பாடங்களுக்கான கிரெடிட்டுகள் (படிப்பின் அளவைக் காட்டும் அலகுகள்) புதிய கல்லூரியில் எப்படிக் கணக்கிடப்படும் என்பதில் அவர்கள் தந்த உறுதிக்கும் கிடைத்த முடிவுக்கும் இடையே ஒரு வருடப் படிப்பும் அதற்கான செலவும் இருந்தன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் எங்களை அவர்கள் ஒரு நாளும் வீணாகக் காக்கவைத்ததில்லை. அங்கு பணிபுரியும் அக்கா ஒருவர் ஒவ்வொரு படிவத்தையும் என் அம்மாவுக்கும் விளங்கும்படி தமிழில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வங்கிக் கூற்றில் இருந்த ஒரு பெயர்ப் பிழையையும் அவரே கண்டுபிடித்தார். கட்டணத்தை இரண்டு தவணைகளில் செலுத்தவும் இடம் தந்தார்கள்.

கிரெடிட் விடயத்தில் அவர்கள் போட்ட கணக்கு, கேட்பதற்கு நியாயமானதாகவே இருந்தது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஒரு வருட முழுநேரப் படிப்புக்கு 30 கிரெடிட்டுகள். அமெரிக்காவில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணித்தியால வகுப்பும் இரண்டு மணித்தியாலச் சொந்தப் படிப்புமாகச் சுமார் 15 வாரங்கள், அதாவது ஏறத்தாழ 45 மணித்தியாலங்கள். ஆகவே தங்கையின் 60 கிரெடிட்டுகள் அங்கேயும் 60 ஆகவே நிற்கும், பட்டத்துக்கு வேண்டிய 120இல் பாதி முடிந்துவிட்டது, நேரே மூன்றாம் வருடத்தில் சேரலாம் என்றார்கள். நாங்களும் நம்பினோம். உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியைக் கொண்டு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ போய், சேர்ந்த இடத்திலேயே பட்டம் முடிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, படிப்பின் நடுவே கல்லூரி மாறுவது பழக்கமில்லாத காரியம்.

கல்லூரியின் மதிப்பீடு வந்தபோது 60இல் 47 கிரெடிட்டுகள் ஏற்கப்பட்டிருந்தன. சீ தரத்துக்குக் கீழே பெறுபேறு பெற்ற இரண்டு பாடங்களுக்கான 7 கிரெடிட்டுகளும், தொழிற்பயிற்சிக்கான 6 கிரெடிட்டுகளும் தள்ளப்பட்டிருந்தன. நிலையத்தில் இதை நல்ல முடிவு என்று வாழ்த்தினார்கள். தங்கைதான் பட்டத்திட்டத்தை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்து, அந்த 47இலும் பட்டத்துக்கு உதவுவது 35 மட்டுமே என்று கண்டுபிடித்தாள். பொதுக்கல்விப் பாடங்களில் 9, கணினித் துறைப் பாடங்களில் 14, விருப்பத் தெரிவுப் பாடங்களில் 12 என்று அவை பிரிந்து கிடந்தன. விருப்பத் தெரிவுக்கு அந்தப் பட்டத்தில் 12 கிரெடிட்டுகளுக்கு மேல் இடமில்லை என்பதால், எஞ்சிய 12 கிரெடிட்டுகள் அவளுடைய பதிவேட்டில் இருக்கும், ஆனால் பட்டத்தை ஒரு நாள்கூட அருகில் கொண்டுவரா. இன்னும் 85 கிரெடிட்டுகள் படிக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 15 என்றாலும் கிட்டத்தட்ட மூன்று வருடங்கள்.

ஒரு கல்லூரி கிரெடிட்டை ஏற்பது வேறு, ஏற்றதைப் பட்டத்தின் எந்தத் தேவைக்கு எதிரே வைக்கிறது என்பது வேறு. முதலாவதைப் பெரும்பாலும் அனுமதிப் பிரிவும் பதிவாளர் அலுவலகமும் பார்க்கின்றன. இரண்டாவதில் அந்தந்தத் துறையின் சொல்லே கனமானது. எங்கள் பாடமும் அவர்கள் பாடமும் உள்ளடக்கத்தில் ஒத்திருக்கின்றனவா என்றுதான் துறை பார்க்கும். மணித்தியாலக் கணக்கு அங்கே உதவாது. வெளிநாட்டுத் தகைமைகளை மதிப்பிடும் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற நிறுவனங்கள் பாடவாரியாகத் தரும் மதிப்பீட்டறிக்கையும் கல்லூரிக்கு ஒரு பரிந்துரை மட்டுமே. எங்கள் நிலையம் அந்த அறிக்கையையே முடிந்த முடிவாகக் காட்டியது. எட்டு மாதங்களில் ஒரு தடவையாவது இந்த வேறுபாட்டை அவர்கள் எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இதற்குத்தானே கட்டணம் கொடுத்தோம்.

அதைவிட என்னை வருத்தியது, பாடத்தலைப்புகளும் பெறுபேறுகளும் மட்டுமுள்ள இரண்டு பக்கப் பத்திரத்தையே அவர்கள் அனுப்பியிருந்தார்கள் என்பது. தலைப்பை மட்டும் பார்த்து ஒரு துறைத் தலைவர் எதை ஒப்பிடுவார்? தங்கை தான் படித்த நிறுவனத்துக்குத் திரும்பப் போய், வாராந்தத் தலைப்புகள், பாடநூல்கள், மதிப்பீட்டு முறை, செய்முறை மணித்தியாலங்கள் எல்லாம் அடங்கிய முழுப் பாடத்திட்டங்களை முத்திரையிட்டு வாங்கி, மறுபரிசீலனைக்கு அனுப்பினாள். விருப்பத் தெரிவில் கிடந்த தரவுக் கட்டமைப்புப் பாடத்தின் 4 கிரெடிட்டுகள் துறைப்பாடமாக மாறின. அதனால் காலியான இடத்தில், வெளியே நின்ற 4 கிரெடிட்டுகள் உள்ளே வந்தன. 85 என்பது 81 ஆனது. இந்த வேலையில் நிலையத்தின் பங்கு எதுவும் இல்லை.

இதே சேவையை நாடுவோர், எத்தனை கிரெடிட்டுகள் ஏற்கப்படும் என்று கேட்பதோடு நில்லாமல், பட்டம் முடிக்க இன்னும் எத்தனை மீதமிருக்கும் என்பதைக் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் பெற்றுத் தரும்படி முற்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். படித்த நிறுவனத்துக்கும் அந்தக் கல்லூரிக்கும் இடையே எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று கூறும் ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதியையும் கேளுங்கள். பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் கடைசிக் கால்பங்கையாவது, அதாவது 120இல் 30ஐயாவது, தம்மிடமே படிக்க வேண்டும் என்கின்றன. மாற்றிய பாடங்களின் பெறுபேறு அங்குள்ள சராசரிப் புள்ளியில் வழக்கமாகச் சேராது என்பதால், இங்கே எடுத்த ஏ தரங்கள் அங்கே புலமைப்பரிசிலுக்குக் கைகொடுக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். பிரித்தானியாவுக்குப் போவோர் எண்களை நேரடியாக ஒப்பிடக் கூடாது. அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம், சிறப்புப் பட்டத்துக்கு வழக்கமாக 360 வேண்டும்.

விசா ஆவணங்களுக்காக மட்டும் இந்த நிலையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கிரெடிட் மாற்றத்துக்கு அவர்களை நம்பிப் போகச் சொல்ல மாட்டேன். இரண்டாம் தவணைக் கட்டணத்தில் ஒரு பகுதியையேனும் திருப்பித் தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.