96 சேட்டும் 50க்கு ஓல் அவுட் சேட்டும்: ரவுனில அடிச்ச ஜேர்சி எப்பிடி?

நேரா விசயத்துக்கு வாறன். துணி நல்லம், கலர் நல்லம், விலையும் பரவாயில்லை, ஆனா எழுத்துத்தான் எங்களைக் கொண்டு போட்டுது. ஜேர்சி அடிக்கக் குடுக்கப் போற ஆக்கள் கடைசி அந்த எழுத்துப் பகுதியையாவது வாசிச்சிட்டுப் போங்கோ.

கதை என்னெண்டா எங்கட ஒழுங்கைப் பெடியள் (பெடியள் எண்டு சொல்லுறது பழக்கத்தில, எல்லாருக்கும் 40 தாண்டி முடிஞ்சுது) வருசப்பிறப்புக்கு ஒரு சொப்ட்போல் மட்ச் விளையாடுற வழக்கம், இந்த முறை ரண்டு ரீமுக்கும் ஜேர்சி அடிப்பம் எண்டு ஒருத்தன் சொல்ல மற்றவன் ஒரு ரீம் இலங்கையின்ர ஆகத் திறமான ரீமாம், மற்ற ரீம் ஆக மோசமான ரீமாம், முதுகில 11 பேற்ற பேரும் வரிசையாத் தமிழில வரவேணுமாம் எண்டு சொல்ல, எல்லாரும் சரியெண்டிட்டாங்கள். 22 சேட், ஒண்டு 1750 ரூபா, மொத்தம் 38,500, பாதிக்காசு அட்வான்ஸ். கடை ரவுனுக்குள்ள, பஸ் ஸ்ராண்டில இருந்து நடந்து போற தூரம், பேர் போடேல்லை.

திறமான ரீமுக்கு ஒரு சண்டையும் வரேல்லை. 96இல உலகக் கிண்ணம் வெண்ட ரீம்தான். பேப்பர் பாக்காம ஒருத்தன் தொடங்க மற்றவன் முடிச்சான்: ஜயசூரிய, களுவிதாரண, குருசிங்க, அரவிந்த, அர்ஜுன, மஹாநாம, திலகரத்ன, தர்மசேன, வாஸ், முரளி, விக்கிரமசிங்க. இதில பாதிப்பேர் அந்த பைனலை ரீவியில பாத்ததே இல்லை எண்டதுதான் பகிடி. 1996 மார்ச் 17, லாகூர். நாங்கள் அப்ப இடம்பெயர்ந்து தென்மராட்சியில ஒரு வீட்டு விறாந்தையில இருந்தனாங்கள், கரண்ட் இல்லை, பற்றறி இல்லை, சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி டைனமோவில ரேடியோவைக் குடுத்திட்டு ஆள் மாறி ஆள் பெடலைச் சுத்தினது. சுத்துறவன் களைச்சா கொமென்ட்ரியும் களைச்சுப் போகும். ஜயசூரிய 9, களு 6 எண்டு ரண்டுபேரும் போக, பெடலில நிண்ட அண்ணை இனி என்னத்துக்கு எண்டு கையை விட்டிட்டார், பேந்து ஐயா பேசித்தான் திரும்பச் சுத்தினவர். அரவிந்த 107 நொட் அவுட், பந்துவீச்சில 3 விக்கெற், ரண்டு கட்ச். அவுஸ்திரேலியா அடிச்ச 241ஐ 3 விக்கெற் மட்டும் குடுத்துத் தாண்டியாச்சு. அந்தச் சத்தம் போட்ட ராத்திரிக்காகவே இந்தப் பேருகள் எனக்கு மனப்பாடம்.

2014இல ரி20 உலகக் கிண்ணம் வெண்ட ரீமும் லேசுப்பட்டதில்லை எண்டு ஒருத்தன் சொன்னவன்தான், மிர்பூரில இந்தியாவை 130க்கு மறிச்சு, சங்கா 52 நொட் அவுட், திசர பெரேரா சிக்ஸ் அடிச்சு முடிச்ச மட்ச். ஆனா அதைப் போட்டால் அர்ஜுன இல்லை. அர்ஜுன இல்லாத சேட்டை நான் போடமாட்டன் எண்டிட்டான் கப்டன்.

மோசமான ரீமுக்குத்தான் மூண்டு கிழமை போச்சு. ஒவ்வொருத்தனுக்கும் சொந்தமா ஒரு காயம் இருக்கு. ஒருத்தன் 2012 பார்ல், தென்னாபிரிக்காவிட்டை 43க்கு ஓல் அவுட் எண்டான், அதுதான் எங்கட ஒருநாள் மட்சில ஆகக் குறைஞ்சது. ஆனா அந்த ரீமில டில்ஷான், சங்கா, மஹேல எல்லாரும் நிண்டவை, அந்த மூண்டு பேரும் இருக்கிற ரீமை மோசமான ரீம் எண்டு முதுகில எழுதிக்கொண்டு திரிய ஏலுமே? ஸ்கோர் மோசம் எண்டால் ரீம் மோசம் எண்டு இல்லை, இது என்ர கட்சி. இன்னொருத்தன் 2017, இந்தியா வந்து டெஸ்ட், ஒருநாள், ரி20 எல்லாமா 9-0 எண்டு துடைச்சிட்டுப் போன வருசம், அந்த ஒருநாள் தொடரில மட்டும் தரங்க, கப்புகெதர, மாலிங்க எண்டு மூண்டு கப்டன். ஆனா 11 பேரும் ஆர் எண்டு கேட்டா அவனுக்கே தெரியாது, மட்சுக்கு மட்ச் ஆள் மாறினது. எனக்கு உள்ளுக்க எரியிறது 2011 உலகக் கிண்ண பைனல். மத்தியூஸுக்குக் காயம், அது சரி, ஆனா அதோட சேத்து நாலு பேரை மாத்தி, ஹேரத்தையும் அஜந்த மெண்டிஸையும் வெளியில இருத்திப்போட்டு வாங்கடேயில இறங்கினவை. மஹேல 103 அடிச்சும் காணேல்லை. ஆனா முரளியும் சங்காவும் நிக்கிற ரீமை எப்பிடி மோசமெண்டு போடுறது எண்டு என்ர கட்சியாலயே என்னை வெட்டிப்போட்டாங்கள்.

கடைசியில 2023 ஆசியக் கிண்ண பைனல் வெண்டது. செப்டெம்பர் 17, பிரேமதாச மைதானம், இந்தியாவிட்டை 50க்கு ஓல் அவுட், சிராஜ் 21 ரன்னுக்கு 6 விக்கெற், அதில நாலு ஒரே ஓவரில. எங்கட ரீமில ஒருத்தன் அதைப் பாக்கவெண்டு இராத்திரி பஸ்ஸில எட்டு மணித்தியாலம் ஆடி ஆடிக் கொழும்புக்குப் போனவன். மழை விட்டு மட்ச் துவங்க, பசிக்குது எண்டு ரோல்ஸ் வாங்கப் போயிருக்கிறான், திரும்பி வந்து பாத்தா 12க்கு 6. பக்கத்துச் சீட்காரர் ஒண்டும் சொல்லாம ஸ்கோர்போர்ட்டைக் கையால காட்டினவராம். ரண்டு இன்னிங்ஸும் சேத்து 129 பந்து. இதுக்குப் பிறகு எங்களுக்கு வாய் இல்லை, பஸ் காசு குடுத்தவன் சொன்னா முடிஞ்சுது.

நடுவில என்ர மருமகன், 19 வயசு, ஏன் மாமா இதெல்லாம், லங்கா பிரீமியர் லீக்கில எங்கட ஊர் ரீம் ஜஃப்னா கிங்ஸைப் போடலாமே எண்டான். அவன் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. 2020 ஸ்ராலியன்ஸ் எண்ட பேரில திசர பெரேரா கப்டனா வெண்ட ரீம், பேந்து 2021, 2022, 2024 எண்டு நாலு கிண்ணம், வியாஸ்காந்த் எங்கட சென்ட்ரல் கொலிச் பெடியன் ஐபிஎல் வரைக்கும் போயிட்டான். ஆனா ஜஃப்னா கிங்ஸில மோசமான ரீம் தேடுறது கஷ்ரம், மோசம் இல்லாட்டி எங்களுக்குச் சேட் இல்லை. உங்கட ரீமுக்கு நீங்கள் அடியுங்கோ எண்டிட்டன்.

இனிக் கடை. வேலை சப்ளிமேஷன், அதாவது கடதாசியில அடிச்சு, பேந்து சூட்டு மெசினில அமத்த மை ஆவியாகித் துணிக்குள்ளயே இறங்கும். அதால ரப்பர் பிறின்ட் மாதிரி வெடிக்காது, உரியாது. பொலியெஸ்டரில மட்டும்தான் சரிவரும், பருத்தியில கேக்கவேண்டாம். இதில இன்னொரு விசயம், இறங்கின மை இறங்கினதுதான், பிழை விட்டா அழிக்க ஏலாது, புதுத் துணி வெட்டவேணும். அதுதான் எல்லாத்துக்கும் முதல் ஒரு சேட் அடிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ எண்டு சொல்லுறன். கேட்டது என்ர புண்ணியம்.

காட்டின சேட்டை விரிச்சுப் பாத்தன். நீலம் வடிவு, மஞ்சள் எழுத்து, கொலர் சுருங்கேல்லை. முதுகைத் திருப்பினா விக்கிரமசிங்க இல்லை, அந்த இடத்தில மாலிங்க. நான் கடையில டிசைன் செய்யிற தம்பியைப் பாக்கிறன், தம்பி என்னைப் பாக்கிறான். "அண்ணை, லிஸ்ற்றில கடைசிப் பேர் மறைஞ்சு போச்சு, இலங்கை ரீம் எண்டா மாலிங்க இருப்பார்தானே எண்டு போட்டனான்" எண்டான். 96 மார்ச்சில மாலிங்கவுக்கு 12 வயசு, தம்பி. போதாக்குறைக்குப் பேருக்கு மேல பெரிசா 99 எண்டு ஒரு நம்பர், அது அழகுக்காம். உலகக் கிண்ணத்தில சேட்டுக்கு நம்பர் வந்ததே 1999 இலதான், 96இல முதுகில பேர் மட்டும். அதையும் எடுக்கச் சொன்னன்.

ஆனா தமிழ் எழுத்துத்தான் பெரிய கோதாரி. அவையின்ர கொம்பியூட்டரில இருக்கிறது பழைய டிசைன் சொப்ட்வெயார், நான் வட்ஸ்அப்பில அனுப்பின யூனிகோடை அப்பிடியே ஒட்டினா கொம்பு அடுத்த எழுத்துக்குத் தாவுது. தர்மசேன "தர்மசனே" ஆகிட்டார். மற்ற லிஸ்ற்றில குசல் மெண்டிஸ் "மணெ்டிஸ்". இருந்து பாமினி எண்ட பழைய தமிழ் பொன்ற்றில திரும்ப அடிச்சுக் குடுத்தம், நான் ஒவ்வொரு பேரா வாசிக்கத் தம்பி அடிச்சான், ஒரு மணித்தியாலம் போச்சு. அப்பிடியிருந்தும் வந்த 22இல மூண்டு சேட்டில தர்மசனேதான், பழைய பைலில அடிச்சிட்டினம். சண்டை பிடிப்பம் எண்டு வெளிக்கிட, 2019 உலகக் கிண்ண பைனலில ஓவர்த்ரோவுக்கு 5க்குப் பதிலா 6 ரன் குடுத்த அம்பயர்தானே, அவற்ற பேரில ஒரு கொம்பு மாறினா என்ன எண்டு எங்கட விக்கெற் கீப்பர் சொல்ல எல்லாரும் சிரிச்சு அதோட விட்டிட்டம். கடைக்காரர் மூண்டுக்கும் 500, 500 குறைச்சவர், பேசாமக் குறைச்சவர், அது நல்ல குணம்.

சாமான் அஞ்சு நாளில எண்டு சொல்லிப் பதினொரு நாள் எடுத்தது. சைஸ் சின்னன், நீங்கள் எல் எண்டா எக்ஸ்எல் எடுங்கோ, எங்கட வயித்துக்கு அதுவும் இறுக்கம். மத்தியான வெயிலில உந்தத் துணி சரியாப் புழுங்கும், பின்னேர மட்சுக்குக் காணும். நாலு தரம் கழுவியாச்சு, கலர் போகேல்லை, அக்குளுக்க ஒரு தையல் மட்டும் விட்டது, அதை வீட்டிலயே போட்டாச்சு. அயன் பிடிக்கிறதெண்டா உள்பக்கம் திருப்பிப் பிடியுங்கோ.

அஞ்சுக்கு மூண்டரை குடுப்பன். திரும்பவும் அங்கதான் அடிப்பன், ஆனா பேருகளைப் படமா எடுத்துக்கொண்டு போவன், எழுத்தா இல்லை.

மாலிங்க விளையாடின 96 ரீம் சேட் இன்னும் என்னட்டைத்தான் கிடக்கு, எக்ஸ்எல், 99 நம்பரோட, ஒருக்காலும் போடேல்லை. ஆருக்கும் வேணுமெண்டா 1000 ரூபாக்குத் தாறன்.