அழுத்தத்துக்குள் அழுத்தம்: இன்டிசைன், டைப்ஸ்ட், லேட்டெக்

அண்மையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஓர் இலக்கணக் கையேட்டைப் பக்கம் அமைத்து அச்சுக்கு அனுப்பினேன். 140 பக்கம். எடுத்துக்காட்டுச் சொற்கள் போல்டில் வர வேண்டும், அந்தச் சொல்லுக்குள் வேற்றுமை உருபு வரும் பகுதி இன்னும் தனித்துத் தெரிய வேண்டும். ‘மரத்தால்’ முழுவதும் தடித்திருக்கும், அதில் ‘தால்’ மட்டும் வேறாக. ‘மூன்றாம் வேற்றுமை: ஆல் உருபு’ போன்ற தலைப்புகளும் ஏற்கெனவே போல்டுதான். அதற்குள் ‘ஆல்’ பளிச்சென்று தெரிய வேண்டும்.

ஆங்கிலப் புத்தகமாக இருந்தால் சாய்வெழுத்து கைகொடுக்கும். தமிழில் அதற்கு மரபு இல்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது, மென்பொருள் தானாகச் சாய்த்தால் எழுத்து விழப்போவது போல நிற்கும். ஆக, கையில் இருப்பது எடை, அதாவது எழுத்தின் தடிப்பு, ஒன்றுதான். அதை எண்ணால் குறிப்பார்கள்: சாதாரணம் 400, போல்டு 700. போல்டுக்குள் இன்னும் தடித்த எழுத்தைப் போட்டுப் பார்த்தேன், 700க்குள் 900. மேப்லித்தோ என்ற அச்சுத்தாளில் 11 புள்ளி அளவில் வித்தியாசமே தெரியவில்லை. ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகள் மை அடைத்துப்போனதுதான் மிச்சம். அதனால் போல்டுக்குள் வரும் அழுத்தத்தைச் சாதாரண எடைக்கு இறக்குவது என்று முடிவு செய்தேன். பக்கம் அமைக்கும் மூன்று மென்பொருள்களில் இதை எது நன்றாகச் செய்கிறது என்பதுதான் கேள்வி.

இன்டிசைனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிறைய வடிவமைப்பாளர்கள் கையில் இருப்பது அதுதான், கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். ஆனால் கையால் போடும்போது ஓர் எழுத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு கேரக்டர் ஸ்டைல்தான் (எழுத்தின் தோற்றத்துக்குப் பெயரிட்டு வைக்கும் அமைப்பு) ஒட்டும். ‘எடுத்துக்காட்டு’ ஸ்டைலின் மேல் ‘உருபு’ ஸ்டைலைப் போட்டால் முதலாவது போய்விடும். அப்படிப் போடுவதில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்க முடியாது. பத்தியில் வரும் உருபுக்கு ஒன்று, எடுத்துக்காட்டுக்குள் ஒன்று, தலைப்புக்குள் ஒன்று என்று மூன்று ஸ்டைல் வைத்துக்கொண்டு, எங்கே எது என்று நாமேதான் நினைவில் வைக்க வேண்டும்.

டைப்ஸ்ட், குறிகளும் கட்டளைகளும் எழுதிப் பக்கம் அமைக்கும் மென்பொருள். அது எனக்குப் பிடித்திருந்தது. தட்டச்சு செய்யச் செய்யப் பக்கம் கண்முன் மாறுகிறது. இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே சொல்லை வைத்தால் அதன் எடை 300 கூடும், 400 என்பது 700 ஆகும். அதற்குள் இன்னொன்றை வைத்தால் மேலும் 300 கூட்டப் பார்த்து, உச்ச எல்லையான 900இல் நிற்கும். 700க்கு மேல் எடை இல்லாத எழுத்துருவாக இருந்தால் போல்டு தலைப்புக்குள் போட்ட அழுத்தம் கண்ணுக்கே தெரியாது. இதற்கு வழி உண்டு: தலைப்புக்குள் மட்டும் 300 கூட்டாமல் குறைக்கச் சொல்லலாம். ஒரு சிறு கையேட்டில் அப்படித்தான் செய்தேன், நன்றாகவே வந்தது. அப்புறம் தலைப்பின் எடையைப் போல்டிலிருந்து சாதாரணத்துக்கு மாற்றினேன். குறைக்கும் கட்டளை அப்படியே இருந்ததால் 400 என்பது 100 ஆகி, ‘ஆல்’ மயிரிழை போல நின்றது. நிரல் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இதற்கும் ஒரு தீர்வு கண்டுவிடுவார்கள். டைப்ஸ்ட்டில் என் அனுபவம் அந்த ஒரு கையேட்டோடு சரி, அதனால் அதை முழுதாக எடைபோட்டதாகச் சொல்ல மாட்டேன்.

அதே போலக் கட்டளைகளால் இயங்கும் லேட்டெக் பக்கம் என்னை இழுத்தது இதே இடம்தான். சொல்லுக்கு அழுத்தம் கொடுக்கும் அதன் ‘எம்ஃப்’ கட்டளை வெறும் சாய்வெழுத்துக்கானது என்றே பலரும் நினைக்கிறார்கள். 2020 பிப்ரவரி வெளியீட்டில் ‘டிக்ளேர் எம்ஃப் சீக்வென்ஸ்’ என்ற வசதி சேர்ந்தது. முதல் அடுக்குக்கு என்ன, அதற்குள் வரும் அடுக்குக்கு என்ன என்று நாமே வரிசை கொடுக்கலாம். நான் கொடுத்தது இரண்டே: முதலில் போல்டு, அடுத்து சாதாரண எடை.

இதன் அருமை என்னவென்றால், வரிசையில் உள்ள ஒரு படி இப்போதைய எழுத்துருவில் எந்த மாற்றத்தையும் தராது என்றால் லேட்டெக் அதைத் தாண்டி அடுத்த படிக்குப் போய்விடும். தலைப்பு ஏற்கெனவே போல்டு, எனவே முதல் படி தாண்டப்பட்டு ‘ஆல்’ சாதாரண எடையில் விழுகிறது. அதே தலைப்பு பொருளடக்கத்துக்குப் போகும்போது அங்கே இயல் பெயர் போல்டு, உட்தலைப்பு சாதாரணம். இரண்டிலும் அழுத்தம் அந்தந்த இடத்துக்கு ஏற்ப மாறி வந்தது.

கடைசி மெய்ப்பில் பதிப்பாசிரியர், “தலைப்பெல்லாம் ரொம்பக் கறுப்பா இருக்கு, எடையைக் குறைச்சு அளவைக் கூட்டுங்க” என்றார். சரி என்று ஒரு வரியை மாற்றினேன். தலைப்புகளுக்குள் இருந்த உருபுகள் எல்லாம் தாமாகவே போல்டுக்கு மாறின. ஒன்றைக்கூடக் கையால் தொடவில்லை. மறுபதிப்பு வரும், எழுத்துரு மாறும், இன்னொருவர் கையில் கோப்பு போகும் என்றால் இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. கைப்பிரதியில் ‘எம்ஃப்’ என்றே குறித்திருக்க வேண்டும். நேரடியாகப் போல்டு ஆக்கும் ‘டெக்ஸ்ட் பிஎஃப்’ கட்டளையைப் போட்டால் போல்டுக்குள் போல்டு போல்டாகவே கிடக்கும். எடைக்குப் பதிலாக நிறத்தை மாற்றுகிறீர்கள் என்றால் எழுத்துரு மாறியதாகவே கணக்கில் வராது, அந்தப் படியைத் தாண்டாமல் இருக்க அதோடு ‘எம்ஃபோர்ஸ்’ என்ற கட்டளையைச் சேர்க்க வேண்டும். எழுத்துருவில் போல்டு இல்லையென்றால் லாக் கோப்பில் (மென்பொருள் எழுதிவைக்கும் குறிப்புக் கோப்பு) ஓர் எச்சரிக்கையோடு சாதாரண எழுத்து அச்சாகிவிடும். மீரா இனிமை அழகான எழுத்துரு, ஆனால் ஒரே எடைதான், அதனால் இந்த வேலைக்கு ஆகாது. நான் எடுத்தது 9 எடைகள் உள்ள நோட்டோ செரிஃப் தமிழ்.

ஓரிடத்தில் மட்டும் லேட்டெக்கும் டைப்ஸ்ட்டும் ஒன்றுபோலக் கைவிட்டன. ‘மரத்தை’ என்பதில் ஐ உருபை மட்டும் பிரித்துக் காட்ட முயன்றேன். எடை மாறும் இடத்தில் எழுத்துருக் கோப்பே மாறுவதால், இணைக்கொம்பு தகரத்தை விட்டுப் பிரிந்து ஒரு புள்ளி வட்டத்தோடு தனியே நின்றது. கடைசியில் ‘தை’ முழுவதற்கும் அழுத்தம் கொடுத்து, பக்கத்திலேயே ‘மரம் + அத்து + ஐ’ என்று பிரித்தும் போட்டுவிட்டேன்.