‘வங்கித் தர மறையாக்கம்’ வாங்கும் முன் இதை வாசித்துவிடுங்கள்

யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு அலுவலகங்கள், தனியார் வைத்திய நிலையங்கள், கல்வி நிலையங்கள் என்று படியேறி, “உங்கள் கோப்புகளை மறையாக்கித் தருகிறோம்”, அதாவது திறவுகோல் இல்லாதவர் வாசிக்க முடியாதபடி மாற்றித் தருகிறோம், என்று சொல்லித் திரியும் ஒரு கணினி நிலையத்தார் இருக்கிறார்கள். பெயரை எழுதப் போவதில்லை. பேசும் விதத்தை எழுதினாலே போதும், பிடித்துவிடுவீர்கள். தேநீர் ஆறுவதற்குள் “வங்கித் தரம்”, “இராணுவத் தரம்”, “256 பிட்” எல்லாம் வந்துவிடும். என்ன முறை என்று கேட்டால், “அது கம்பனி இரகசியம் ஐயா” என்பார்கள். அந்த இடத்திலேயே கதிரையை விட்டு எழுந்துவிடலாம். ஏஈஎஸ் என்ற மறையாக்க முறை 2001 முதல் அமெரிக்க அரசின் நியமம். அதன் ஒவ்வொரு படியும் யாரும் வாசிக்கும்படி வெளியில் கிடக்கிறது. இரகசியமாக இருக்க வேண்டியது திறவுகோல் மட்டுமே.

எங்களுடையது நொத்தாரிசு அலுவலகம். காணி உறுதிகள், அற்றோணித் தத்துவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் ஸ்கான் செய்யப்பட்டு இருக்கின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் கையொப்பங்கள் அவற்றில் உண்டு. 1995 இடப்பெயர்வில் பானை சட்டியை விட்டுவிட்டு உறுதியை மட்டும் கையோடு கொண்டு போன சனத்தின் கடதாசிகள் இவை. கள்ள உறுதி முடிப்பவனுக்கு இந்தத் தொகுதி கிடைத்தால் வேறு முதலீடு தேவையில்லை. ஆகவேதான் 45,000 ரூபா என்றபோதும் பேரம் பேசாமல் கொடுத்தோம்.

பைத்தன் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு ஸ்கிரிப்டை, அதாவது சிறு நிரலை, போட்டுத் தந்தார்கள். கோப்பைக் கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும். பிறகு திரை நிறைய எழுத்துக் கூட்டமாக ஒரு புதிய கோப்பு வரும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். கோப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்தது ஏன் என்று கேட்டதற்கு “பாதுகாப்புப் படலம்” என்று பதில் வந்தது. இடம் போதாமல் போனதும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும் அவர்களே விற்றார்கள்.

எங்கள் எழுதுவினைஞரின் மகன் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறார். ஒரு நாள் தகப்பனை ஏற்றிப்போக வந்தவர், அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தார். முதல் எழுத்துகள் ஜே, வி, பி. பிறகு இ, ஆர். “இங்கேயும் கட்சி வந்துவிட்டதா?” என்று தகப்பன் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. அடுத்த கோப்பைத் திறந்தார். அதுவும் ஜே, வி, பி. எல்லாமே அப்படித்தான். எந்த பிடிஎஃப் கோப்பும் ஒரே அடையாளத்தோடுதான் தொடங்கும். அந்த அடையாளத்தை பேஸ்64இல் எழுதினால் எப்போதும் இந்த எழுத்துகள்தான் வரும் என்றார். பேஸ்64 என்பது மின்னஞ்சல் இணைப்புகளை அனுப்பப் பயன்படும் எழுத்து மாற்றம். அதற்குத் திறவுகோலே கிடையாது. தம்பி தன் மடிக்கணினியில் ஒற்றைக் கட்டளை தட்டினார்; கடவுச்சொல் எதுவும் கேட்காமல் உறுதி திறந்தது. முத்திரை, கையொப்பம், பெருவிரல் அடையாளம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் கடவுச்சொல் பெட்டி வெறும் அலங்காரம்.

முறையிட்டபோது, “அது பழைய பதிப்பு ஐயா, உங்களுக்குத் தவறிப் போட்டுவிட்டோம்” என்று இன்னொன்றைத் தந்தார்கள். அது உண்மையிலேயே ஏஈஎஸ்தான், சிபிசி முறையில், அதாவது கோப்பைத் துண்டு துண்டாக ஒன்றோடொன்று கோத்து மறையாக்கும் விதத்தில். ஆனால் கோப்பு இடையில் மாறியிருக்கிறதா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. பழுதான பென்டிரைவ் ஒன்றிலிருந்து நில அளவைப் படம் ஒன்றை மீட்டபோது “வெற்றி” என்று பச்சை எழுத்தில் காட்டியது. திறந்தால் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். வடக்கு எல்லை இருக்கிறது, தெற்கு எல்லை இல்லை. சிபிசியில் ஒரு பைட் கெட்டால் அது உள்ள 16 பைட் துண்டு முழுவதும் குப்பையாகும், அடுத்த துண்டில் அதே இடத்து பிட்டுகளும் புரளும், மிச்சம் வழமைபோல மறை நீங்கி விரியும். ஸ்கிரிப்டுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டது தற்செயலா, யாரேனும் வேண்டுமென்றே கை வைத்தார்களா என்பதும் தெரியாது. இத்தனைக்கும், மறையாக்கியதைத் திரும்ப விரித்துப் பார்க்காமலேயே மூலக் கோப்பை அது அழித்துவிடுகிறது. கடதாசி எங்கள் அலுமாரியில் இருந்தபடியால் பிழைத்தோம்.

எல்லாவற்றிலும் மோசமானது திறவுகோல். அது ஸ்கிரிப்டுக்குள்ளேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. அதே நிலையத்திடம் வாங்கிய பக்கத்து அலுவலகத்தாரின் ஸ்கிரிப்டையும் தம்பி பார்த்தார். எழுத்துக்கு எழுத்து அதே திறவுகோல். அவர்களின் கோப்பை நாங்கள் திறக்கலாம், எங்களுடையதை அவர்கள் திறக்கலாம்.

இப்போது தம்பி ஃபெர்னெட் என்ற மறையாக்க முறையில் எழுதித் தந்திருக்கிறார். பைத்தனின் இலவச ‘கிரிப்டோகிராஃபி’ நிரல் நூலகத்திலேயே அது இருக்கிறது. 32 பைட் திறவுகோலில் பாதி ஏஈஎஸ் மறையாக்கத்துக்கு, மற்றப் பாதி எச்மாக் கையொப்பத்துக்கு, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கணினி முத்திரைக்கு. விரிக்கும் முன் கையொப்பத்தைச் சரிபார்க்கும். நடுவில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டுத் திறக்கச் சொன்னோம். அரைப் படமும் தரவில்லை, பிழை என்று முழுதாக மறுத்துவிட்டது. தவறான திறவுகோலுக்கும் அதே மறுப்பு. இதில் இருப்பது 128 பிட் நீளத் திறவுகோல் கொண்ட ஏஈஎஸ்; “256” விற்பவர்கள் நக்கலடிப்பார்கள், அடிக்கட்டும். ஒரு குறை, முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றித்தான் வேலை செய்யும். உறுதிகளுக்குப் போதும், நீண்ட கலியாண வீடியோவுக்குச் சரிவராது.

வேடிக்கை என்னவென்றால், ஃபெர்னெட் தருவதும் பேஸ்64 எழுத்துகள்தான். ஒரு ஜி, பின்னால் ஐந்து ஏ என்று தொடங்கும். ஆகவே கண்ணால் பார்த்து நம்பவும் கூடாது, தள்ளவும் கூடாது. காசு கொடுக்கும் முன் அவர்கள் முன்னிலையிலேயே ஓர் எழுத்தை மாற்றித் திறக்கச் சொல்லுங்கள். ஒரே கோப்பை இருமுறை மறையாக்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரி வந்தால் வேண்டாம். திறவுகோலை யார் உருவாக்கினார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். எங்களுடையது கடதாசியில் அச்சிடப்பட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அது தொலைந்தால் கோப்புகளும் தொலைந்தன, தம்பியாலும் மீட்க முடியாது.

பணம் திரும்பவில்லை. அவர்கள் தந்த பற்றுச்சீட்டில் “கணினி பராமரிப்பு” என்று மட்டும் இருக்கிறது. மறையாக்கம் என்ற சொல்லே இல்லை. அதைக் காட்டித்தான் இப்போது, “நாங்கள் விற்றது பராமரிப்பு மட்டும்” என்கிறார்கள். நீங்கள் வாங்குவதானால் என்ன முறை, திறவுகோல் யாருடையது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.